யாரோடு பேசுவது, எப்போது உறங்குவது?

தென்காசியிலிருந்து கொல்லம் போகும் ரயில் செங்கோட்டையைத் தாண்டி மலைக்குள் ஏறத் தொடங்கியதும் பயணிகள் பலர் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். கைபேசித் திரையில் சிக்னல் கோடுகள் ஒன்றிரண்டாகச் சுருங்கும். சார்ஜ் மளமளவென்று இறங்கும். சில சமயம் கைபேசி கையில் சுடும். வீட்டில் ஒரு நாள் முழுக்கத் தாங்குகிற அதே பேட்டரிதான். கூடுதலாக யாரும் பேசவில்லை, படம் பார்க்கவில்லை. பிறகு அந்த மின்சாரம் எங்கே போனது?

கைபேசி எவ்வளவு பலமாக ஒலிபரப்ப வேண்டும் என்பதைக் கோபுரம்தான் நொடிக்கு நொடி சொல்லிக்கொண்டிருக்கிறது. பழைய 2ஜி கைபேசிகளையே எடுத்துக்கொள்வோம். கோபுரம் பக்கத்தில் இருந்தால் சுமார் 3 மில்லிவாட் போதும். தொலைவில் இருந்தால் 2 வாட் வரை ஏற்ற வேண்டும். இரண்டுக்கும் இடையே அறுநூறு மடங்குக்கு மேல் வேறுபாடு. மலையில் கோபுரங்கள் அரிது, இடையில் பாறை வேறு. சேதி எட்ட வேண்டுமானால் கைபேசி தன் முழு பலத்தோடு ஒலிபரப்பித்தான் ஆக வேண்டும்.

தூரம் ஏன் இவ்வளவு மின்சாரத்தை விழுங்குகிறது? வெட்டவெளியில் எல்லாத் திசையிலும் பரவும் ரேடியோ அலை, தூரத்தின் இருமடிக்கு ஏற்பத் தேய்கிறது. தூரம் இரட்டித்தால் வந்து சேர்வது நான்கில் ஒரு பங்கு. பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஹரால்ட் ஃபிரிஸ் 1946-ல் இதை ஒரு சுருக்கமான வாய்பாடாக எழுதிவைத்தார். இன்றைக்கும் பொறியியல் மாணவர்கள் அதைத்தான் படிக்கிறார்கள். தரையை ஒட்டிய இடங்களில் நிலைமை இன்னும் மோசம். நேராக வரும் அலையும் தரையில் பட்டுத் தெறித்து வரும் அலையும் வாங்கும் இடத்தில் ஒன்றையொன்று பெரும்பகுதி அழித்துக்கொள்கின்றன. அங்கே தேய்மானம் நான்மடியை நெருங்கும். தூரம் இரட்டித்தால் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம் முழங்கிக்கொண்டிருக்கும்போது, வாசலில் நிற்கும் பெரியவர் மேடையில் இருப்பவருக்கு ஒரு சேதி சொல்ல நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடித்தொண்டையில் கத்தலாம். தொண்டை வறளும், மண்டபமே திரும்பிப் பார்க்கும். பக்கத்தில் இருப்பவர் காதில் மெல்லச் சொல்லி, அவர் அடுத்தவரிடம் சொல்லி, அப்படியே மேடைவரை கொண்டுபோகலாம். சொல்பவர் எண்ணிக்கை கூடினாலும் தொண்டைகள் படும் பாடு மொத்தத்தில் குறைவு. கம்பியில்லா வலையிலும் கணக்கு இப்படித்தான் வருகிறது. 100 மீட்டரை ஒரே தாவலில் கடப்பதற்குப் பதிலாக நடுவில் ஒரு கருவியை வைத்து 50, 50 மீட்டராகக் கடந்தால், இருமடி விதிப்படி ஒலிபரப்பு ஆற்றல் பாதி. நான்மடி விதிப்படி எட்டில் ஒரு பங்கு. பத்துத் தாவல்களாகப் பிரித்தால் நான்மடி விதி ஆயிரத்தில் ஒரு பங்கு என்று ஆசை காட்டும்.

கோபுரமே இல்லாத வலைகளில் இந்த ஆசை ஒரு தனி ஆராய்ச்சித் துறையாகவே வளர்ந்தது. யார் யாரோடு நேரடியாகப் பேசுவது, எவ்வளவு பலத்தோடு பேசுவது, யார் விழித்திருப்பது என்பதைக் கருவிகளே தங்களுக்குள் ஒழுங்குபடுத்திக்கொள்வதற்கு இணைப்பமைப்புக் கட்டுப்பாடு என்று பெயர். பொறியாளர்கள் பேச்சில் டோப்பாலஜி கன்ட்ரோல். வலையில் உள்ள ஒவ்வொரு கருவியும் ஒரு கணு. நேரடியாகப் பேசிக்கொள்ளும் இரு கணுக்களுக்கு இடையே ஓர் இணைப்பு. எல்லாக் கணுக்களும் முழு பலத்தோடு ஒலிபரப்பினால் நூற்றுக்கணக்கான இணைப்புகள் சிக்கலாகப் பின்னிக்கிடக்கும். அவற்றில் தேவையானவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை வெட்ட வேண்டும். வெட்டும்போது வலை துண்டுபட்டுவிடக் கூடாது.

இதற்கு அவசியம் வந்த ஓர் இடத்தைப் பார்ப்போம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடற்கரைக்கு அப்பால் கிரேட் டக் தீவு இருக்கிறது. லீச் ஸ்டார்ம் பெட்ரல் என்னும் சிறிய கடற்பறவை அங்கே மண்ணில் வளை தோண்டி முட்டையிடும். வளைக்குள் வெப்பமும் ஈரப்பதமும் எப்படி மாறுகின்றன, பறவை எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று அறிய உயிரியலாளர்களுக்கு ஆசை. ஆனால் மனிதர் போய்க் கையை விட்டுப் பார்த்தால் பறவைக்கு ஆகாது. அடைகாக்கும் முதல் இரண்டு வாரங்களில் தொந்தரவு செய்தால் அது கூட்டைக் கைவிட்டுவிடக்கூடும். ஆகவே 2002-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தினரும் இன்டெல் ஆய்வகத்தினரும் காலேஜ் ஆஃப் தி அட்லான்டிக் கல்லூரியோடு சேர்ந்து, உள்ளங்கையில் அடங்கும் 32 கம்பியில்லா உணரிகளைத் தீவில் வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஏஏ பேட்டரி. சுவர்க் கடிகாரத்துக்குப் போடுவோமே, அந்த அளவுதான்.

பேட்டரி மாற்றவும் யாரும் போகக் கூடாது. ஒன்பது மாதம் தாங்க வேண்டும் என்பது இலக்கு. அவர்கள் போட்ட கணக்கு எளிமையானது: பேட்டரியில் 2200 மில்லியாம்பியர்-மணி இருக்கிறது, அதை 270 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 8-க்குச் சற்று மேல். அதற்குள் உணர்வது, கணக்கிடுவது, பேசுவது, கேட்பது எல்லாம் முடிய வேண்டும். சில ஆண்டுகளில் உணரிகளில் பரவலாகப் புழங்கத் தொடங்கிய சிசி2420 என்னும் ரேடியோ சில்லு, கேட்கும் நிலையில் 18.8 மில்லியாம்பியர் எடுக்கும். ஒரு நாள் பங்கு முழுவதையும் அது 26 நிமிடத்தில் தீர்த்துவிடும். மீதி இருபத்து மூன்றரை மணி நேரமும் ரேடியோ அணைந்தே கிடக்க வேண்டும். இந்த 26 நிமிடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலில் இணைப்புகளை வெட்டும் கதை. ஒரு கணுவுக்கு எத்தனை அண்டைக் கணுக்கள் இருந்தால் போதும்? இணையத்தின் முன்னோடிகளில் ஒருவரான லியோனார்டு கிளைன்ராக்கும் ஜான் சில்வெஸ்டரும் 1978-ல் ஒரு விடை சொன்னார்கள். அண்டையர் மிகக் குறைந்தால் சேதி மெல்ல நகரும், மிகக் கூடினால் ஒருவர் பேச்சு மற்றவர் பேச்சைக் கெடுக்கும். சேதி வேகமாக முன்னேற நடுவில் ஓர் உகந்த அளவு இருக்கிறது, அது சராசரியாக ஆறு. 'ஆறு ஏன் மாய எண்' என்று கட்டுரைத் தலைப்பிலேயே கேட்டிருந்தார்கள். பின்னர் வேறு அனுமானங்களோடு கணக்கிட்டவர்களுக்கு எட்டு வந்தது. ஏதோ ஒரு நிலையான எண் இருக்கிறது என்ற நம்பிக்கை நெடுநாள் நீடித்தது.

அந்த நம்பிக்கையைத் தகர்த்தவர்கள் ஃபெங் சுவேயும் பி. ஆர். குமாரும். குமார் சென்னை ஐஐடியில் படித்தவர். ஒவ்வொரு கணுவும் தனக்கு மிக அருகிலுள்ள இத்தனை பேரோடு இணைப்பு வைத்துக்கொண்டால் போதும் என்று எந்த நிலையான எண்ணைச் சொன்னாலும், வலை பெரிதாகப் பெரிதாக அது துண்டுபடுவது உறுதி என்று 2004-ல் நிறுவினார்கள். வாதத்தின் உள்ளுயிர் எளிதாகப் புரியக்கூடியது. பரந்த ஒரு வெளியில் கணுக்களைக் கண்டபடி தூவுங்கள். எங்கோ ஓர் இடத்தில், தற்செயலாக, ஏழு கணுக்கள் நெருக்கமாக விழுந்து, அவற்றைச் சுற்றிக் கொஞ்ச தூரம் வெறுமையாக இருக்கும். அந்த ஏழில் ஒவ்வொன்றுக்கும் மிக அருகிலுள்ள ஆறு பேர் மற்ற ஆறு கணுக்களே. வெளியே உள்ளவற்றுக்கும் இந்த ஏழைவிட அருகில் வேறு ஆறு பேர் இருந்துவிட்டால், ஏழும் தனித் தீவாகிவிடும். சிறிய வெளியில் இப்படி நேர்வது அபூர்வம். வெளி பெரிதாகும்போது எங்கோ ஓரிடத்தில் நேர்ந்தே தீரும். கணுக்களின் எண்ணிக்கை பெருகும்போது அண்டையர் எண்ணிக்கையும் மெதுவாக, அதன் மடக்கைக்கு ஏற்ற வேகத்தில், கூடியாக வேண்டும் என்பது அவர்கள் முடிவு.

எண்ணிக்கை உதவாது என்றால் வேறு எதை வைத்து வெட்டுவது? இங்கேதான் என் மனத்துக்கு மிகவும் பிடித்த விதி வருகிறது. பள்ளிக்கூட வடிவியலுக்கு மேல் அதற்கு எதுவும் வேண்டாம்.

இரண்டு கணுக்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றை இணைக்கும் கோட்டை விட்டமாக வைத்து ஒரு வட்டம் வரையுங்கள். வட்டத்துக்குள் வேறு எந்தக் கணுவும் இல்லையென்றால் இணைப்பை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று இருந்தாலும் வெட்டிவிடுங்கள். அவ்வளவுதான்.

ஏன் இது வேலை செய்கிறது? விட்டத்தின் இரு முனைகளிலிருந்து வட்டத்தின் மேலுள்ள ஒரு புள்ளிக்குக் கோடு வரைந்தால் அங்கே உண்டாவது செங்கோணம். புள்ளி வட்டத்துக்குள் வந்தால் கோணம் விரியும். செங்கோண முக்கோணத்தில் இரு பக்கங்களின் இருமடிகளைக் கூட்டினால் மூன்றாவது பக்கத்தின் இருமடி வரும் என்பது பிதாகரஸ் விதி. கோணம் செங்கோணத்தைவிட விரிந்தால் அந்தக் கூட்டல் குறையும். ரேடியோ செலவும் தூரத்தின் இருமடிதானே? ஆகவே வட்டத்துக்குள் ஒரு நடுக்கணு இருந்தால், அதன் வழியே இரண்டு தாவலில் போவது நேராகப் போவதைவிட எப்போதும் மலிவு. வெளியே இருந்தால் நேர்வழியே மலிவு. வட்டத்தின் விளிம்பே லாபத்துக்கும் நட்டத்துக்கும் எல்லை. தேய்மானம் நான்மடி என்றால் நடுக்கணுவால் வரும் லாபம் இன்னும் கூடும், விதியை மாற்ற வேண்டியதில்லை.

வெட்டிய ஒவ்வோர் இணைப்புக்கும் மாற்றாக அதைவிட மலிவான வழி ஒன்று உண்டு. அந்த வழியின் ஒவ்வொரு தாவலும் வெட்டியதைவிடக் குட்டை. அந்தத் தாவல்களில் ஒன்றும் வெட்டப்பட்டிருந்தால் அதற்கும் இன்னும் குட்டையான தாவல்களால் மாற்று உண்டு. இப்படிக் குறுகிக்கொண்டே போனால் எங்காவது நின்றுதானே ஆக வேண்டும்? ஆகவே வலை ஒருபோதும் துண்டுபடாது, மிக மலிவான வழிகள் ஒன்றுகூடத் தொலையாது. இந்த வலையை கேப்ரியல் கோட்டுரு என்கிறார்கள். ரேடியோவுக்காகப் பிறந்ததல்ல இது. உயிரினங்கள் இடத்துக்கு இடம் எப்படி வேறுபடுகின்றன என்பதை ஆராய்வதற்காக ரூபன் கேப்ரியலும் ராபர்ட் சோக்கலும் 1969-ல் பயன்படுத்திய கருவி. முப்பது ஆண்டுகள் கழித்து மின்சிக்கனத்துக்குக் கைகொடுத்தது.

கண்டபடி தூவிய கணுக்களில் கேப்ரியல் கோட்டுரு ஒவ்வொரு கணுவுக்கும் சராசரியாக நான்கு அண்டையரையே மிச்சம் வைக்கிறது. கிட்டத்தில் உள்ள ஆறு பேரைப் பிடித்தால் வலை உடையக்கூடும். வட்டம் பார்த்துத் தேர்ந்தால் நான்கே போதும், உடையாது. எத்தனை பேரோடு பேசுகிறோம் என்பது இங்கே முக்கியமில்லை, யாரோடு பேசுகிறோம் என்பதே முக்கியம். இணைப்பமைப்புக் கட்டுப்பாட்டின் அடிப்படைக் கண்டுபிடிப்பு என்று நான் கருதுவது இதைத்தான்.

இன்னொரு சிறப்பும் உண்டு. தன் இணைப்புகளில் எதை வெட்டுவது என்று முடிவெடுக்க ஒரு கணுவுக்குத் தன் அக்கம்பக்கம் மட்டும் தெரிந்தால் போதும். முழு வலையின் படமும் தேவையில்லை, மேலிருந்து ஆணையிட யாரும் தேவையில்லை. பேட்டரியில் ஓடும் கருவிகளுக்கு இது உயிர்நாடி. முழுப் படத்தையும் திரட்டி அனுப்பவே பாதி பேட்டரி காலியாகிவிடும்.

கணுக்களுக்குத் தங்கள் இருப்பிடம் துல்லியமாகத் தெரியாவிட்டால்? திசை தெரிந்தாலே போதும் என்றது ரோஜர் வாட்டன்ஹோஃபர், ஜோசப் ஹால்பர்ன், லி லி முதலானோர் 2001-ல் முன்வைத்த கூம்பு முறை. ஒவ்வொரு கணுவும் பலத்தைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போகிறது. தன்னைச் சுற்றி எந்தப் பக்கம் 150 பாகைத் துண்டை வெட்டிப் பார்த்தாலும் அதில் ஓர் அண்டைக்கணுவாவது இருக்கும் நிலை வந்ததும் நிறுத்திக்கொள்கிறது. அவ்வளவில் நிறுத்தினாலும், முழு பலத்தில் இணைந்திருக்கக்கூடிய வலை இணைந்தே இருக்கும் என்று நிறுவினார்கள். 150-ஐத் தாண்டினால் அந்த உறுதி போய்விடும் என்பதற்கும் உதாரணம் காட்டினார்கள். எல்லை எங்கே என்று இவ்வளவு கச்சிதமாகத் தெரிந்துவிடுவது அறிவியலில் அடிக்கடி கிடைக்கும் பாக்கியமல்ல.

வடிவியல் இவ்வளவு அழகாக இருக்கிறது. இனி அளவுகோலை எடுப்போம்.

சிசி2420 சில்லின் விவரத்தாளைப் புரட்டினால் ஒலிபரப்பு பலத்தை 1 மில்லிவாட்டிலிருந்து அதன் முந்நூறில் ஒரு பங்குவரை இறக்கலாம் என்று இருக்கிறது. செலவு எவ்வளவு இறங்குகிறது? முழு பலத்தில் 17.4 மில்லியாம்பியர், அடிமட்ட பலத்தில் 8.5. வெளியே போகும் அலை முந்நூறு மடங்கு குறைந்தும் உள்ளே போகும் மின்சாரம் ஏறத்தாழப் பாதிதான் குறைந்தது. காரணம், அலையைக் காற்றில் ஏற்றும் பெருக்கி சில்லின் ஒரு பகுதி மட்டுமே. அதிர்வெண்ணை உண்டாக்கும் சுற்று, கலக்கும் சுற்று, எண்களை அலையாக மாற்றும் சுற்று எல்லாம் மெல்லப் பேசினாலும் பலமாகப் பேசினாலும் ஒரே அளவு தின்னும். கேட்கும்போதோ 18.8. முழு பலத்தில் பேசுவதைவிட வெறுமனே கேட்பது அதிகச் செலவு!

இப்போது அந்தப் பழைய கணக்கைத் திரும்பப் போடுவோம். ஒரே தாவலில் அனுப்பினால் பேசுபவருக்கு 17.4, கேட்பவருக்கு 18.8, மொத்தம் 36.2. நடுவில் ஒருவரை வைத்து இரண்டு தாவலிலும் அடிமட்ட பலத்திலேயே அனுப்பினாலும், ஒவ்வொரு தாவலுக்கும் 8.5 கூட்டல் 18.8, ஆக மொத்தம் 54.6. பாதியாகும் என்றது கோட்பாடு. செலவு ஒன்றரை மடங்காகிறது. வட்டமும் பிதாகரஸும் பிழையல்ல. அவை காற்றில் போகும் ஆற்றலைச் சரியாகக் கணக்கிட்டன. பேட்டரியிலிருந்து போகும் ஆற்றல் வேறு. பல கிலோமீட்டருக்கு ஒலிபரப்பும் கருவிகளில் பெருக்கியே பெருந்தீனிக்காரன் என்பதால் அங்கே பழைய கணக்கு பெரும்பாலும் நிற்கும். சிறு உணரிகளில் நிற்பதில்லை.

இது யாருக்கும் தெரியாத ரகசியமாக இருக்கவில்லை. பெர்க்லியின் மார்க் ஸ்டெம்மும் ரேண்டி காட்ஸும் 1997-லேயே கம்பியில்லா அட்டைகளை அளந்து பார்த்திருந்தார்கள். ஒன்றும் செய்யாமல் சேதி வருமா என்று காத்திருப்பதற்கு 1 பங்கு செலவு என்றால், சேதியை வாங்குவதற்கு 1.05, அனுப்புவதற்கு 1.4. சும்மா காத்திருப்பதும் சேதியை வாங்குவதும் ஏறத்தாழ ஒரே செலவு. வலையின் ஆயுளில் பெரும்பகுதி காத்திருப்பே என்பதால், மின்சாரத்தில் பெரும்பகுதியும் அதிலேயே கரைகிறது. மெல்லப் பேசுவதால் மிச்சமாவது சில்லறை. ரேடியோவை அணைப்பதில்தான் முதல் இருக்கிறது.

ஆனால் எல்லோரும் அணைத்துவிட்டால் சேதியை யார் கடத்துவது? ஆகவே இணைப்பமைப்புக் கட்டுப்பாடு தன் கேள்வியை மாற்றிக்கொண்டது. வலை துண்டுபடாமல் எத்தனை கணுக்களை உறங்கவைக்கலாம்?

2001-ல் ஒரே மாநாட்டில் இரண்டு விடைகள் வந்தன. ஒன்று யா சூ, ஜான் ஹைடமான், டெபோரா எஸ்ட்ரின் மூவரும் தந்தது. நிலப்பரப்பைச் சதுரங்களாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு சதுரத்தின் எந்த மூலையில் இருக்கும் கணுவும் அடுத்த சதுரத்தின் எந்த மூலையையும் எட்டும்படி சதுரம் சிறியதாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் ஒரு சதுரத்தில் உள்ள எல்லாக் கணுக்களும் வலையின் கண்ணுக்கு ஒன்றுதான். ஒருவர் விழித்திருந்தால் போதும், மற்றவர்கள் உறங்கலாம், முறைவைத்து மாறிக்கொள்ளலாம். ஒட்டிய இரு சதுரங்கள் சேர்ந்த செவ்வகத்தின் மூலைவிட்டமே மிக நீண்ட தூரம் என்பதால், சதுரத்தின் பக்கம் ரேடியோ எட்டும் தூரத்தை ஐந்தின் வர்க்கமூலத்தால் வகுத்த அளவைத் தாண்டக் கூடாது. ஒரு சதுரத்துக்கு நான்கு கணுக்கள் வீதம் இருந்தால் வலையின் ஆயுள் ஏறத்தாழ நான்கு மடங்கு வரை நீளலாம். அடர்த்தியையே ஆயுளாக மாற்றும் வழி இது.

மற்றொன்று எம்ஐடியில் பெஞ்சி சென், கைல் ஜேமிசன், ஹரி பாலகிருஷ்ணன், ராபர்ட் மாரிஸ் உருவாக்கிய ஸ்பான். இதற்கு இருப்பிடமும் தெரியத் தேவையில்லை. ஒவ்வொரு கணுவும் அவ்வப்போது கண்விழித்து, தன் அண்டையரில் எந்த இருவராவது ஒருவரையொருவர் அடைய வழியில்லாமல் இருக்கிறார்களா என்று பார்க்கும். இருந்தால் தானே ஒருங்கிணைப்பாளராக விழித்திருக்க முன்வரும். பேட்டரி மிச்சமுள்ளவர் சீக்கிரம் முன்வருவார், குறைந்தவர் தயங்குவார். வேறொருவர் முந்திக்கொண்டால் திரும்ப உறங்கிவிடலாம். யாரும் நெடுநாள் சுமை தாங்க வேண்டியதில்லை. சுமையைச் சுழற்சியில் பகிரும் எண்ணம் அதற்கு முந்தைய ஆண்டே வெளிவந்த லீச் முறையிலும் இருந்தது. வெண்டி ஹைன்சல்மான், ஆனந்த சந்திரகாசன், ஹரி பாலகிருஷ்ணன் மூவரும் அதை எழுதியிருந்தார்கள். சந்திரகாசன் சென்னையில் பிறந்தவர், பாலகிருஷ்ணன் சென்னை ஐஐடியின் மாணவர். கணுக்கள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒருவரைத் தலைவராக்கி, அவர் மட்டும் தொலைவிலுள்ள நிலையத்தோடு பேசுவது லீச். தொலைவுப் பேச்சின் சுமை ஒருவர் தலையிலேயே விழாமல் சுற்றிவரும்.

ஆனால் உறங்குபவரைத் தட்டியெழுப்புவது எப்படி? பெர்க்லியில் போலாஸ்டர், ஹில், கல்லர் மூவரும் 2004-ல் தந்த பி-மேக் முறையில், கேட்பவர் குறித்த இடைவெளியில் கண நேரம் கண்திறந்து, காற்றில் ஏதாவது அலை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு உறங்கிவிடுவார். அனுப்புபவர் அந்த இடைவெளி முழுவதையும் நிரப்பும் அளவுக்கு நீண்ட முன்னோட்ட ஒலியை முதலில் அனுப்புவார். கேட்பவர் எப்போது கண்திறந்தாலும் அது காதில் விழும், உடனே விழித்துக்கொள்வார். எப்போதாவது பேசுபவர் கொஞ்சம் அதிகம் செலவழிக்க, எப்போதும் காத்திருப்பவர்கள் மிச்சம் பிடிக்கிறார்கள். முன்பு சொன்ன 26 நிமிடம் நினைவிருக்கிறதா? ஒரு நாளில் அது இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. அந்த வரம்புக்குள் ஒரு வலையை உயிரோடு வைத்திருக்க இப்படிப்பட்ட முறைகளால்தான் முடிந்தது.

இதோடு சிக்கல் தீர்ந்துவிடவில்லை. இதுவரை சொன்னதெல்லாம் ரேடியோ எட்டும் தூரம் ஒரு சீரான வட்டம் என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. 2002-ல் தீபக் கணேசன் முதலானோர் நூற்றுக்கு மேற்பட்ட உணரிகளைத் திறந்த வெளியில் வரிசையாக வைத்து யார் பேச்சு யாருக்குக் கேட்கிறது என்று சோதித்தார்கள். வட்டம் எதுவும் தென்படவில்லை. பக்கத்துக் கணுவுக்குக் கேட்காத சேதி அதற்கு அப்பாலுள்ள கணுவுக்குக் கேட்டது. இவர் பேச்சு அவருக்குக் கேட்டது, அவர் பதில் இவருக்குக் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு ஜெரி ஜாவோவும் ரமேஷ் கோவிந்தனும் இன்னும் நுணுக்கமாக அளந்து, நன்றாகக் கேட்கும் வட்டாரத்துக்கும் கேட்கவே கேட்காத வட்டாரத்துக்கும் நடுவே அகன்ற ஒரு சாம்பல் வட்டாரம் கிடப்பதைக் காட்டினார்கள். அங்கே அருகருகே இருக்கும் இரு கணுக்களில் ஒன்றுக்கு எல்லாச் சேதியும் வரும், மற்றதற்குப் பாதிகூட வராது.

கிரேட் டக் தீவும் ஒரு பாடம் சொன்னது. 2003-ல் அங்கே உணரிகள் 150 அளவுக்குப் பெருகின. சில நேராகவும், சில அண்டைக் கருவிகள் வழியாகத் தாவித் தாவியும் சேதி அனுப்பின. தாவி அனுப்பிய கூட்டத்தில், தங்களுக்கு வராத சேதிகளையும் ஒட்டுக்கேட்டதில் போன மின்சாரம் கருவிகளின் ஆயுளைக் கடித்தது. குறைவான இணைப்புகள் இருந்தால் ஒருவர் பேச்சு மற்றவர் பேச்சில் குறுக்கிடுவதும் தானாகக் குறைந்துவிடும் என்ற நம்பிக்கையையும் 2004-ல் ஸூரிச் குழு ஒன்று சோதித்தது. குறையும் என்ற உறுதி இல்லை, இணைப்பு ஒவ்வொன்றையும் மிகக் குட்டையாக்கும் சில அழகான அமைப்புகளே மோசமான குறுக்கீட்டைத் தரலாம் என்று காட்டியது.

ஆகையால் இன்று களத்தில் ஓடும் வலைகள் வரைபடத்தை நம்பி இணைப்பைத் தேர்வதில்லை. ஓர் இணைப்பில் ஒரு சேதியை வெற்றிகரமாகச் சேர்க்க எத்தனை முறை அனுப்ப வேண்டியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டே இருந்து, எண்ணிக்கை குறைவான வழியை எடுக்கின்றன. வட்ட விதியைத் தூக்கி எறிந்துவிட்டார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. அக்கம்பக்கம் மட்டும் பார்த்து முடிவெடுத்தாலே முழு வலையையும் காப்பாற்றலாம் என்ற அதன் பாடம் அப்படியே நிற்கிறது. நீளத்துக்குப் பதில் அளவெடுத்த செலவு வந்திருக்கிறது. தீராத ஒரு தொல்லை மட்டும் மிஞ்சியிருக்கிறது: எல்லாச் சேதியும் கடைசியில் ஒரு வாசல் வழியே வெளியேற வேண்டியிருப்பதால், வாசலை ஒட்டிய கணுக்கள் மற்றவர்களின் சுமையையும் தாங்கி முதலில் செத்துப்போகின்றன. அவற்றுக்குப் பெரிய பேட்டரியோ சூரியத் தகடோ வைப்பதுதான் நடைமுறைத் தீர்வு.

இதெல்லாம் தூரத்துத் தீவுப் பறவைகளோடு நின்றுவிடவில்லை. மூணாறு அந்தோணியார் காலனியின் மலைச்சரிவில் நிலச்சரிவை முன்கூட்டி அறிய அமிர்தா விஸ்வ வித்யாபீடம் கம்பியில்லா உணரி வலையை நிறுவியது. மண் நகரத் தொடங்கும் மழை இரவில் பேட்டரி தீர்ந்து கிடக்கும் உணரியால் யாருக்கும் பயனில்லை. அங்கே மின்சிக்கனம் என்பது மனித உயிரைப் பற்றிய கேள்வி. கைபேசி வலைகளுக்கும் இதே பாடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவற்றின் மின்செலவில் பெரும்பகுதி கோபுர நிலையங்களுடையது. 4ஜி நிலையம் ஒருவரும் பேசாத நள்ளிரவிலும் ஒவ்வொரு மில்லிநொடியும் தன் இருப்பை அறிவித்துக்கொண்டே இருக்கும்படி வடிவமைக்கப்பட்டது. 5ஜியில் அந்த அறிவிப்பு வழக்கமாக 20 மில்லிநொடிக்கு ஒரு முறைதான், 160 வரை தள்ளிப்போடவும் இடமுண்டு. நடுவில் கிடைக்கும் அமைதியில் நிலையத்தின் பகுதிகளை உறங்கவைக்கலாம். கூட்டம் குறைந்த நேரத்தில் சில நிலையங்களை அடியோடு உறங்கவைத்து, அவற்றின் பகுதியை அண்டை நிலையம் பார்த்துக்கொள்வது ஸ்பானின் அதே எண்ணம்தான்.

வயலில் மண் ஈரம் பார்க்கவும் மோட்டார் பம்பைக் கண்காணிக்கவும் கம்பியில்லா உணரிகள் விற்பனைக்கு வந்துவிட்டன. விளம்பரங்களில் முதல் வரியில் இருப்பது எத்தனை கிலோமீட்டர் எட்டும் என்ற எண். வாங்கப்போகிறவர்கள் அதோடு நிற்காமல் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கேட்கும் நிலையில் ரேடியோ எத்தனை மில்லியாம்பியர் எடுக்கிறது? ஒரு நாளில் எத்தனை நிமிடம் விழித்திருக்கிறது? பக்கத்துக் கருவிகளின் சேதியையும் அது கடத்த வேண்டியிருக்குமா? விற்பவரால் இவற்றுக்கு எண்ணில் பதில் சொல்ல முடியாவிட்டால், பேட்டரி ஐந்து ஆண்டு தாங்கும் என்று அவர் சொல்வதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.